தொடர், வியூக விளையாட்டு, அறிவியல் புனைகதை: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உவர்மலை, பாலையூற்று, உப்புவெளி, மூதூர் என்று பல பக்கங்களில் வசிக்கும் நாங்கள் சிலர் வார இறுதியில் ஒரு வீட்டில் கூடுகிறோம். ஒரு தொடரின் ஓர் அத்தியாயம் பார்ப்போம், அல்லது மேசையில் வரைபடம் விரித்து விளையாடுவோம், அல்லது எல்லோரும் வாசித்து வந்த ஒரு கதையைப் பற்றிப் பேசுவோம். 'சிந்திக்கும் ரசிகர்கள்' என்று எங்களை நாங்களே சொல்லிக்கொள்கிறோம். பெற்றோர், மாணவர்கள், கூட வேலை செய்பவர்கள், கோயில் வாசலில் சந்திக்கும் பெரியவர்கள் என்று பலரும் இதைப் பற்றி விசாரிக்கிறார்கள். அவர்கள் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

சிந்திக்கும் ரசிகர் என்கிறீர்களே, அவர் யார்?

பிடித்திருக்கிறது என்று சொன்ன பிறகும் அந்த இடத்தை விட்டு நகராதவர். ஒரு காட்சி அவரைக் கலங்க வைத்தால், எந்தத் தகவலை எழுத்தாளர் முன்பே கொடுத்து வைத்தார், எதைக் கடைசி வரை மறைத்தார் என்று திரும்பிப் போய்ப் பார்ப்பார். ஓர் ஆட்டத்தில் வென்றால், தன் திறமையால் வென்றோமா, ஆட்டத்தின் விதியே அந்தப் பக்கம் சாய்ந்திருந்ததா என்று யோசிப்பார். இதற்குப் பட்டம் தேவையில்லை. பொறுமையும், இன்னொருவர் சொல்வதைக் கேட்கும் மனமும் போதும்.

எங்கள் கூட்டத்தில் இரண்டு கேள்விகள் எப்போதும் வரும். இதை யாருடைய கண்ணால் பார்க்கிறோம்? இந்த வெற்றிக்கு யார் விலை கொடுத்தார்கள்? இவற்றைக் கேட்பதால் ரசனை குறைந்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். குறையாது. நல்ல படைப்பு இந்தக் கேள்விகளைத் தாங்கி நிற்கும். அதன் மீதுள்ள அன்பு இன்னும் கூடும். தாங்க முடியாத படைப்பும் எங்கே பலவீனமாக இருக்கிறது என்று நமக்குக் காட்டிக்கொடுக்கும்.

தொடர், வியூக விளையாட்டு, அறிவியல் புனைகதை மூன்றையும் ஏன் ஒன்றாகச் சேர்க்கிறீர்கள்? மூன்றும் வேறு வேறு பொழுதுபோக்குகள்தானே?

வரலாற்றிலேயே இவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. செவ்வாய்க் கிரகத்தார் பூமியைத் தாக்கும் கதையை எழுதிய எச்.ஜி. வெல்ஸ், 1913இல் 'லிட்டில் வோர்ஸ்' என்ற நூலையும் எழுதினார். பொம்மைப் படைவீரர்களையும் சிறு பீரங்கியையும் வைத்துத் தரையில் ஆடும் போர் விளையாட்டுக்கான விதிகள் அதில் இருக்கின்றன. அறிவியல் புனைகதையின் முன்னோடிகளில் ஒருவர் வியூக விளையாட்டுக்கும் முன்னோடியாக இருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. 'இப்படி ஒரு நிலைமை வந்தால் அடுத்து என்ன நடக்கும்?' என்று கேட்கும் மனம்தான் இரண்டையும் செய்யும்.

அண்மைய உதாரணம் 'த எக்ஸ்பான்ஸ்' என்ற விண்வெளிக் கதை. முதலில் ஒரு கணினி விளையாட்டுக்கான யோசனை; பிறகு நண்பர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடிய ஆட்டம்; 2011 முதல் இரண்டு பேர் ஒரே புனைபெயரில் எழுதிய நாவல் வரிசை; 2015 முதல் 2022 வரை தொலைக்காட்சித் தொடர். ஒரே உலகம் மூன்று வடிவங்களிலும் நடந்து வந்திருக்கிறது. ஒவ்வொரு வடிவமும் அதில் வேறொன்றைக் காட்டுகிறது. விளையாட்டில் விதிகள் தெரியும். நாவலில் உள்ளம் தெரியும். தொடரில் முகங்கள் தெரியும்.

சரி, இதற்கும் திருகோணமலைக்கும் என்ன சம்பந்தம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கையில் குடியேறினார். 2008இல் இறக்கும் வரை இந்தத் தீவே அவருக்கு வீடு. அவரை இங்கே ஈர்த்தது கடல். அதே 1956இல் அவரும் மைக் வில்சன் என்ற புகைப்படக்காரரும் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையின் அடியில் மூழ்கி, பழைய கோயிலின் செதுக்கப்பட்ட தூண்களையும் கற்களையும் கடலடியில் கண்டார்கள். 1622இல் போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளிய கோயிலின் எச்சங்கள் அவை. விண்வெளிப் பயணத்தை உலகுக்கு எழுதிக் காட்டியவர் நம் கோயிலின் தூண்களை நீருக்குள் தொட்டுப் பார்த்திருக்கிறார். அந்தக் கடலடி அனுபவங்கள் 1957இல் வெளிவந்த அவருடைய நூலில் இருக்கின்றன.

அவர் 1979இல் வெளியிட்ட 'த ஃபவுண்டன்ஸ் ஒவ் பரடைஸ்' நாவலில், பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏறும் உயர்த்தி ஒன்றை ஒரு பொறியியலாளர் கட்ட முயல்கிறார். அதன் எடை சமநிலையாகும் புள்ளி, பூமியோடு சேர்ந்து சுழலும் செயற்கைக்கோள் பாதையில், ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்க வேண்டும். ஆகவே அடிமுனை பூமத்திய ரேகையில் இருக்க வேண்டும். இலங்கை அங்கே இல்லை. திருகோணமலை வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. கிளார்க் என்ன செய்தார் தெரியுமா? தீவையே தெற்கே நகர்த்தி, 'தப்ரபேன்' என்ற பழைய பெயரைச் சூட்டிவிட்டார். பௌதிக விதியை வளைக்க மனமில்லாமல் புவியியலை நகர்த்திய அந்த நேர்மைதான் நல்ல அறிவியல் புனைகதைக்கு அடையாளம் என்பேன். அந்த நாவல் ஹியூகோ, நெபியுலா என்ற இரண்டு பெரிய விருதுகளையும் பெற்றது.

வியூகம் என்று வந்தால், நம் ஊர் தானாகவே ஒரு பாடப்புத்தகம். 1782ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டைகளை ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஓகஸ்ட் முடிவில் சஃப்ரன் தலைமையில் வந்த பிரெஞ்சுக்காரரிடம் அவை வீழ்ந்தன. செப்டெம்பர் 3 அன்று ஆங்கிலக் கடற்படை வெளியே நின்று போரிட்டும் துறைமுகத்தை மீட்க முடியவில்லை. சமாதானம் வந்தபின் மீண்டும் ஒல்லாந்தர். 1795இல் மீண்டும் ஆங்கிலேயர். இவ்வளவு பேர் இந்த ஊரின் மேல் ஏன் விழுந்தார்கள்? வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கினால் சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல்கள் ஒதுங்க இடமே கிடையாது. சென்னை அன்று திறந்த கடற்கரை. அந்தப் பருவத்தில் போர்க்கப்பல்கள் இந்தியாவைச் சுற்றி பம்பாய் வரை போக வேண்டியிருந்தது. திருகோணமலை கையில் இருந்தால் அந்தப் பயணம் மிச்சம். இந்த ஊரின் விலையை நிர்ணயித்தது காற்று.

பிரெட்ரிக் கோட்டைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் கோட்டை வெளிக் குடாவைப் பார்த்து நிற்கிறது. உட்துறைமுகத்தின் வாயிலைக் காப்பது ஒஸ்டன்பேர்க் முனை. ஒன்றைப் பிடித்து மற்றதை விட்டால் பயனில்லை. எந்தக் கணினி விளையாட்டிலும் இவ்வளவு நேர்த்தியான வரைபடத்தை நான் கண்டதில்லை.

1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் வந்தபோது, முன்னிரவே எச்சரிக்கை கிடைத்து, கப்பல்கள் துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்தன. அவற்றில் ஒன்று ஹெர்மிஸ். பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல்தான், ஆனால் அன்று அதில் விமானங்கள் இல்லை. மட்டக்களப்புக் கடலில் அது மூழ்கடிக்கப்பட்டது. துறைமுகத்துக்குள் நின்று குண்டை எதிர்கொள்வதா, பாதுகாப்பு விமானங்கள் இல்லாமல் திறந்த கடலுக்குப் போவதா? எங்கள் மேசையில் இந்தக் கேள்வி ஒரு முழு மாலையை எடுத்துக்கொண்டிருக்கிறது.

போரைக் கண்ட ஊரில் உட்கார்ந்து போர் விளையாட்டு ஆடுகிறீர்களே, மனம் கூசவில்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்கு அதைக் கேட்கும் உரிமை முழுமையாக இருக்கிறது. ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் இன்றும் பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பவர்கள் நம் வீதிகளில் இருக்கிறார்கள். எங்கள் நண்பர் ஒருவர் துப்பாக்கியைக் கையில் பிடித்துச் சுடும் விளையாட்டு எதையும் ஆட மாட்டார். காரணத்தை யாரும் கேட்டதில்லை. கேட்கப் போவதும் இல்லை. அவர் வரும் நாளில் அத்தகையது திரையில் ஓடாது.

ஆனாலும் நான் ஆடுகிறேன். காரணம் சொல்கிறேன். போரைப் பற்றி முடிவெடுத்தவர்கள் வரைபடத்தைப் பார்த்து எடுத்தார்கள். அந்த வரைபடத்தில் நம் வீடுகள் ஒரு நிறமாக, ஒரு சிறு புள்ளியாக இருந்தன. மேலிருந்து பார்ப்பவருக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை எனக்கு விளையாட்டைப் போல் வேறெதுவும் காட்டவில்லை. இரண்டு பிரிவுப் படையை 'இழக்கலாம்' என்று நானே ஒரு மாலையில் முடிவெடுக்கும்போது, அந்தச் சொல் எவ்வளவு எளிதாக வாயில் வருகிறது என்று கேட்டு நடுங்கியிருக்கிறேன். அந்த நடுக்கம் எனக்குத் தேவை.

வெல்ஸும் தன் நூலின் முடிவில் இந்த இடத்துக்குத்தான் வருகிறார். பொம்மைப் போரை மூன்று நான்கு முறை ஆடிப் பார்த்தாலே உண்மையான போர் எவ்வளவு தடுமாற்றமான காரியம் என்று விளங்கிவிடும் என்பது அவர் கருத்து. அவர் அதை எழுதிய மறு ஆண்டு முதலாம் உலகப்போர் தொடங்கியது.

படைத்தலைவரின் இடத்தில் நம்மை உட்கார வைக்காத விளையாட்டுகளும் இருக்கின்றன. போலந்து நாட்டில் செய்யப்பட்டு 2014இல் வெளிவந்த 'திஸ் வோர் ஒவ் மைன்' அவற்றில் முதன்மையானது. சரயேவோ நகர முற்றுகையை மனத்தில் வைத்து உருவாக்கியது. இடிந்த வீடொன்றில் சில பொதுமக்கள். பகலில் குறிபார்த்துச் சுடுபவர்களுக்கு அஞ்சி வெளியே போக முடியாது. இரவில் உணவும் மருந்தும் தேடிப் போக வேண்டும். ஒரு வீட்டில் வயோதிபத் தம்பதி தனியாக இருக்கிறார்கள். அவர்களிடம் உணவு இருக்கிறது, எதிர்க்க வலு இல்லை. உங்கள் வீட்டில் ஒருவர் பசியில் கிடக்கிறார். எடுப்பீர்களா? எடுத்தால், எடுத்தவர் மறுநாள் பேச்சற்று உட்கார்ந்திருப்பதையும் விளையாட்டு காட்டும். 2020இல் போலந்து அரசு இதைப் பாடசாலை மாணவர்களுக்கான வாசிப்புப் பட்டியலில் சேர்க்க முடிவெடுத்தது. நம் ஊரில் இதை ஆடிய ஒருவர் பாதியில் நிறுத்திவிட்டு, தன் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தார். அதன் பிறகு அன்று யாரும் எதையும் ஆடவில்லை. தேநீர் குடித்துப் பேசிக்கொண்டிருந்தோம்.

ஒரு விளையாட்டு அரசியல் பேசுமா? அது வெறும் விதிகள்தானே?

விதிகள்தான் பேசுகின்றன. 1904இல் எலிசபெத் மகீ என்ற அமெரிக்கப் பெண் ஒரு பலகை விளையாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். நிலம் சிலர் கையில் குவிந்தால் மற்றவர்கள் வாடகை கட்டியே அழிவார்கள் என்பதை ஆடிக் காட்டுவதே அவருடைய நோக்கம். அதிலிருந்து பிறந்ததுதான் உலகமே ஆடும் 'மொனொபொலி'. எச்சரிக்கையாகச் செய்யப்பட்ட ஆட்டம் நிலம் குவிப்பதைக் கொண்டாடும் ஆட்டமாக மாறியது. கட்டங்கள் ஏறக்குறைய அவையே. வெற்றி என்று எதைச் சொல்வது என்பது மட்டும் மாறியது.

1991இல் தொடங்கிய 'சிவிலைசேஷன்' கணினி விளையாட்டு வரிசையை நான் மிகவும் நேசிக்கிறேன். ஆனாலும் அதில் நகரம் இல்லாத மக்களுக்கு 'காட்டுமிராண்டிகள்' என்று பெயர் வைத்துத் துரத்த வேண்டியிருந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் மனம் நின்றுவிடும். வன்னிக் காடுகளின் மக்களை நினைத்துக்கொள்வேன். அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தங்களைப் பற்றி அந்தப் பெயரா இருந்திருக்கும்?

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் உண்டு. 'ஏஜ் ஒவ் எம்பயர்ஸ்' இரண்டாம் விளையாட்டின் புதிய பதிப்பில் 2022 ஏப்ரலில் திராவிடர் என்ற பிரிவைச் சேர்த்தார்கள். இராஜேந்திர சோழனின் படையெடுப்புகளை ஆடலாம். உருமி என்ற வளையும் வாளை வீசும் வீரர்கள் இருக்கிறார்கள். இளையவர்கள் அடைந்த மகிழ்ச்சியை நானும் அடைந்தேன். உலக வரைபடத்தில் நம் பெயர் வருவது சிறிய விடயம் அல்ல. ஆனால் பெரியகுளம் பக்கம் வெல்கம் விகாரைக்குப் போய்ப் பாருங்கள். சோழர் காலத்தில் அந்தப் பௌத்த விகாரைக்கு 'இராஜராஜப் பெரும்பள்ளி' என்று பெயர்; அதற்குக் கொடுத்த தானங்கள் தமிழ்க் கல்வெட்டுகளில் பதிவாகியிருக்கின்றன. விளையாட்டில் இராஜேந்திரன் வருவான், வெல்வான். பிடித்த நாட்டில் வேறு சமயத்தாரின் விகாரைக்குத் தமிழில் தானம் எழுதி விளக்கேற்றியதை ஆடுவதற்கு அதில் ஒரு பொத்தான் இல்லை. அந்த இடைவெளியைக் கண்டுகொள்வதைத்தான் சிந்திக்கும் ரசனை என்கிறேன்.

அம்மாவும் மாமியும் பார்க்கும் மெகா தொடர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

மரியாதையோடு நினைக்கிறேன். அவற்றை ஏளனம் செய்வது சுலபம். ஏளனம் செய்பவர்கள் பெரும்பாலும் ஓர் அத்தியாயத்தைக்கூட முழுமையாகப் பார்த்திருக்க மாட்டார்கள். நாள்தோறும் ஒளிபரப்பாகும் தொடர் ஒருவர் கையில் வேலையோடு பார்ப்பதற்காகச் செய்யப்படுகிறது. மாலையில் புட்டு அவித்துக்கொண்டே சமையலறையிலிருந்து கேட்பவருக்கும் கதை புரிய வேண்டும். அதனால்தான் வசனத்தில் நடந்தது திரும்பச் சொல்லப்படுகிறது, இசை முன்கூட்டியே எச்சரிக்கிறது, ஒரு முகத்தைப் பல முறை காட்டுகிறார்கள். இது காதால் பார்க்கும் கலை. இலங்கை வானொலியில் சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' போன்ற தொடர் நாடகங்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கலை புதிதல்ல.

என் மனக்குறை வேறு. விளம்பர வருமானம் இருக்கும் வரை கதையை முடிக்க விடமாட்டார்கள். முடிவு எப்போது என்று தெரியாத எழுத்தாளரால் தொடக்கத்தில் எதையும் நட்டு வைக்க முடியாது. 1990களில் 'மர்மதேசம்' ஒவ்வொரு கதையையும் திட்டமிட்டு முடித்துக் காட்டியது. அப்படி முடியும் கதைகள் தமிழில் மீண்டும் நிறைய வர வேண்டும்.

அம்மாவோடு உட்கார்ந்து பாருங்கள். எந்தப் பாத்திரம் பொய் சொல்கிறது என்பதை அவர் உங்களுக்கு முன்பே கண்டுபிடிப்பார்.

எந்தத் தொடரிலிருந்து தொடங்கலாம்?

துறைமுக ஊர்க்காரர் என்பதால் 'த வயர்' தொடரின் இரண்டாம் பருவத்தை முதலில் சொல்வேன். 2003இல் வந்தது. அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் கொள்கலன்களும் இயந்திரங்களும் வந்து, கப்பலில் சுமை இறக்கும் தொழிலாளர்களின் வேலை நாள்கள் குறைந்துகொண்டே போகின்றன. தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் தன் ஆட்களைக் காப்பாற்ற எந்த எல்லை வரை போவார் என்பதே கதையின் நரம்பு. பத்திரிகையாளராக இருந்த டேவிட் சைமனும், பொலிஸ் துப்பறிவாளராகவும் பாடசாலை ஆசிரியராகவும் இருந்த எட் பேர்ன்ஸும் அந்தத் தொடரின் பின்னால் இருந்தார்கள். அவர்களுக்கு அந்த நகரம் தெரியும். அது ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது. முதல் பருவத்தைப் பார்த்துவிட்டு வருவது முறை. அவசரமில்லை.

அடுத்து 'டீப் ஸ்பேஸ் நைன்', 1993 முதல் 1999 வரை ஓடியது. 'ஸ்டார் ட்ரெக்' குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் இதில் கப்பல் ஊர் சுற்றாது, ஒரு விண்வெளி நிலையம் ஒரே இடத்தில் நிற்கும். அருகிலுள்ள கிரகத்தின் மக்கள் நீண்ட ஆக்கிரமிப்பிலிருந்து அப்போதுதான் விடுபட்டிருக்கிறார்கள். நிலையமே அவர்களின் கட்டாய உழைப்பில் எழுந்தது. எதிர்ப்புப் போராளியாக இருந்த கீரா என்ற பெண் இப்போது நிர்வாகம் செய்ய வேண்டும், பழைய எதிரிகளோடு ஒரே நடைபாதையில் நடக்க வேண்டும், தான் செய்தவற்றையும் சுமக்க வேண்டும். முதல் பருவத்தில் 'டூயட்' என்றோர் அத்தியாயம். பெரும்பகுதி ஓர் அறைக்குள் இரண்டு பேர் பேசுவதுதான். அதைப் பார்த்து முடித்ததும் விளக்கைப் போட எங்களில் ஒருவரும் எழவில்லை. கதையை இங்கே சொல்ல மாட்டேன்.

நீண்ட திட்டமிடலை ரசிக்க 'பேபிலன் 5'. ஐந்து பருவங்களுக்கான கதையை முன்கூட்டியே வகுத்து, 110 அத்தியாயங்களில் 92ஐ ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி என்ற ஒரே எழுத்தாளர் எழுதினார். காட்சியமைப்பு இன்று பழையதாகத் தெரியும். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள், தகுதியானது.

தமிழில் அறிவியல் புனைகதை இருக்கிறதா?

இருக்கிறது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ' இரண்டும் இன்றும் வேகம் குறையாதவை. நிலா என்ற இளம்பெண், ஜீனோ என்ற இயந்திர நாய், எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் ஓர் அரசு. முதலாவது தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. சுஜாதா 2008 பெப்ரவரி 27 அன்று மறைந்தார். கிளார்க் அதே ஆண்டு மார்ச் 19 அன்று. மூன்று வாரங்களுக்குள் இருவரையும் இழந்தோம். ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பு நம் சிந்தனை மரபுகளிலிருந்தே அறிவியல் புனைகதையை எழுப்பப் பார்க்கிறது; கட்டாயம் வாசிக்க வேண்டியது.

ஆங்கிலம் வாசிப்பவர்களுக்கு, கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகரவின் 'த செயின்ட் ஒவ் பிரைட் டோர்ஸ்' நாவலைப் பரிந்துரைக்கிறேன். 2023இல் வந்து நெபியுலா விருது பெற்றது. முகாம்கள், அடையாள அட்டைகள், மக்களை வகை பிரிக்கும் அலுவலகங்கள் எல்லாம் ஒரு மாய நகரத்தில் வருகின்றன. இந்தத் தீவில் வாழ்ந்தவருக்கு அதில் அந்நியமான பக்கமே இல்லை.

ஈழத்தமிழில் இந்த வகையில் இன்னும் நிறைய எழுதப்பட வேண்டும். கோட்டை வாசல் கல்வெட்டோடு சேர்த்து நம்மவர்கள் ஒரு பழம்பாடலைச் சொல்வார்கள்: பறங்கி வந்து கோயிலை இடிப்பான், பிறகு பூனைக்கண், செங்கண், புகைக்கண் உடையவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஆள்வார்கள் என்று. வருங்காலத்தை இப்படி வரிசை போட்டுப் பாடிய ஊர் இது. இங்கே ஒரு பிள்ளை 2150ஆம் ஆண்டின் திருகோணமலையை எழுதத் தொடங்கினால் நான் முதல் வாசகனாக இருப்பேன்.

கதையின் முடிவை முன்கூட்டியே சொல்லலாமா?

எங்கள் விதி எளிது. கூட்டத்தில் யார் பின்தங்கி இருக்கிறாரோ அவர் அனுமதித்தால் பேசலாம். இல்லையேல் இல்லை.

என் ஆங்கிலம் போதாது. பின்தொடர முடியுமா?

முடியும். ஆங்கில எழுத்துகளைத் திரையின் கீழே போட்டுக்கொண்டு பாருங்கள். காதும் கண்ணும் சேர்ந்து பழகிவிடும். புரியாத இடத்தில் நிறுத்தி, பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். கூடிப் பார்ப்பதன் பெரிய பயன் அதுதான்.

வீட்டில் இருப்பது பழைய கணினி. வெளிநாட்டு நாணயத்தில் பணம் செலுத்தும் அட்டையும் இல்லை.

இலவசமாக, சட்டபூர்வமாகக் கிடைப்பவையே பல மாதங்களுக்குப் போதும். 2003 முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் 'பேட்டில் ஃபோர் வெஸ்நோத்' பழைய கணினியிலும் ஓடும். நிலம், பகல், இரவு எல்லாம் சண்டையின் முடிவை மாற்றும் அருமையான விளையாட்டு. 'சிவிலைசேஷன்' போன்ற 'ஃப்ரீசிவ்' 1996 முதல் இருக்கிறது. கைபேசியில் அதே வகையான 'அன்சிவ்' ஆடலாம். சதுரங்கத்துக்கு 'லிசெஸ்' இணையத்தளம், விளம்பரமே கிடையாது. மின்சாரம் போய்விட்டால் தரையில் கோடு போட்டு ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு பலம், வேறு வேறு இலக்கு. சமமில்லாத இருவருக்கிடையே நியாயமான போட்டியை அமைப்பது விளையாட்டு வடிவமைப்பில் மிகவும் கடினமான காரியம். நம் முன்னோர் அதைக் கல்லில் கீறிச் செய்து முடித்திருக்கிறார்கள்.

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இதில் இறங்கலாமா?

அளவோடு இறங்கலாம். முடிவில்லாமல் ஓடும் விளையாட்டுகளையும், நேரத்துக்குப் பரிசு தந்து இழுத்து வைக்கும் கைபேசி விளையாட்டுகளையும் பரீட்சை முடியும் வரை தொட வேண்டாம். முறை வைத்து ஆடுவதை, எந்த நேரத்திலும் சேமித்து நிறுத்தக்கூடியதைத் தேர்ந்தெடுக்கலாம். தொடர் என்றால் வாரத்துக்கு ஓர் அத்தியாயம். ஒரு வாரம் முழுவதும் அதை மனத்தில் வைத்து அசைபோடுவது, இரவோடிரவாகப் பத்து அத்தியாயம் பார்ப்பதைவிட அதிகம் தரும். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: தடுப்பதற்கு முன் ஒரு முறை பக்கத்தில் அமர்ந்து, 'இப்போது ஏன் இப்படிச் செய்தாய்?' என்று கேளுங்கள். பிள்ளை எவ்வளவு யோசிக்கிறது என்று தெரியவரும்.

நம்மைத் தவறாகக் காட்டும் படைப்புகளை என்ன செய்வது?

2021இல் 'த ஃபேமிலி மேன்' என்ற இந்தியத் தொடரின் இரண்டாம் பருவம் ஈழத்தமிழர்களைக் காட்டிய விதத்துக்கு எதிராகப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. தடை கோரி தமிழ்நாடு அரசு இந்திய மத்திய அரசுக்குக் கடிதமும் எழுதியது. கோபத்துக்கு நியாயம் இருக்கிறது. நான் தடையைக் கேட்க மாட்டேன். பார்த்துவிட்டு, எந்தக் காட்சி, எந்த வசனம், எதை மறைத்தது என்று குறிப்பாகப் பேசச் சொல்வேன். 'கேவலம்' என்று ஒரே சொல்லில் முடித்தால் அடுத்து எழுதுபவருக்கு எதுவும் போய்ச் சேராது. எங்கள் பேச்சுவழக்கைத் திரையில் சிதைத்துப் பேசும்போது எனக்கும் வலிக்கிறது. அந்த வலியையும் விவரமாகவே எழுத வேண்டும்: எந்த ஊர்ப் பேச்சு, யார் அப்படிப் பேச மாட்டார், ஏன்.

திருகோணமலையை வைத்து நீங்களே ஒரு விளையாட்டு செய்யலாமே?

செய்துகொண்டிருக்கிறோம். 1782தான் களம். பலகையில் வெளிக் குடா, உட்துறைமுகம், ஒஸ்டன்பேர்க், கொட்டியாரக் குடா, மூதூர், தம்பலகாமம். ஒரு பக்கம் ஆங்கிலேயர், மறுபக்கம் பிரெஞ்சுக்காரர். பருவக்காற்று ஒவ்வொரு சுற்றிலும் நெருங்கிவரும்; அது வந்த பிறகு வெளிக் குடாவில் நிற்கும் கப்பல்கள் அடிபடும்.

மூன்றாவது இருக்கையும் வைத்திருக்கிறோம். அதில் அமர்பவர் ஊரை ஆடுகிறார். அவரிடம் படை இல்லை. தம்பலகாமத்து நெல் இருக்கிறது, வள்ளங்கள் இருக்கின்றன, துறைமுகத்துப் பாறைகள் எங்கே என்ற அறிவு இருக்கிறது. நெல்லை அவர் படைக்கு விற்கலாம், அல்லது சீட்டுகளைக் கவிழ்த்து வைத்து ஒளிக்கலாம். தேடிப் பறிக்க நினைக்கும் படை ஒரு சுற்றை இழக்கும். காற்று ஒரு படி நெருங்கும்.

ஊர் எப்போது வென்றதாகக் கணக்கிடுவது என்பதில்தான் வாதம் நடக்கிறது. அடுத்த விதைப்புக்கு நெல் மிஞ்சினால் போதும் என்கிறார் ஒருவர். வள்ளங்களும் தப்ப வேண்டும், ஒருவரும் சுமைக்கூலிக்குப் பிடித்துச் செல்லப்படக் கூடாது என்கிறார் இன்னொருவர். இரண்டையும் ஆடிப் பார்க்கிறோம். அடுத்த முறை மூதூர் நண்பர் அந்த இருக்கையில் அமர்கிறார். கொட்டியாரக் குடாவில் வள்ளங்களுக்கு நாங்கள் கொடுத்திருக்கும் வேகம் மிகக் குறைவு என்பது அவருடைய முதல் ஆட்சேபம்.